சந்தா கட்டிய அலமாரி

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆய்வுக் கட்டுரை தேடுகிறார். நூலகத்தின் இணையப் பக்கத்தில் நாலு சொற்களைத் தட்டுகிறார்; கட்டுரை முழுசாக வந்து நிற்கிறது. காசு கேட்கவில்லை. எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தால், “எங்க லைப்ரரி வாங்கி வெச்சிருக்கு” என்பார். பேராசிரியரைக் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான் வரும். இந்தப் பதிலில் பாதி சரி. நூலகம் காசு கொடுத்திருக்கிறது. அதுவும் பெரிய காசு. ஆனால் எதையும் வாங்கவில்லை.

அப்படியானால் அந்தக் காசுக்கு என்ன கிடைத்தது? டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகப் பார்க்க வேண்டிய கேள்வி இது. கடந்த நூற்றுச் சொச்சம் வருடங்களில் இதற்கான பதில் பலமுறை மாறிவிட்டது. ஒவ்வொரு மாற்றமும் வந்தபோது நல்லதாகவே தெரிந்தது. பலவும் உண்மையிலேயே நல்லவைதான். அவற்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், நூலகங்களுக்குத் தரவுத்தளம் கொடுக்கும் தொழில் எப்படி நடக்கிறது என்பது நமக்குப் பிடிபட்டுவிடும். கதை நடப்பது பெரும்பாலும் அமெரிக்காவில். அங்கே முளைத்த கம்பெனிகளுக்குத்தான் இன்று உலகின் பல மூலைகளிலிருந்தும் நூலகங்கள் சந்தா கட்டுகின்றன.

முதலில் தாளில் இருந்த தரவுத்தளத்தைப் பார்ப்போம். பத்திரிகைகள் பெருகப் பெருக, எந்தக் கட்டுரை எந்த இதழில் வந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் புத்தகக் கடை நடத்திவந்த ஹால்சி வில்லியம் வில்சன் 1901இல் ‘ரீடர்ஸ் கைடு’ என்ற அடைவைத் தொடங்கினார். பொருள்வாரியாகவும் ஆசிரியர்வாரியாகவும் கட்டுரைகளை அகரவரிசையில் அடுக்கிய தடித்த தொகுதிகள் அவை. அதன் விலையில் ஒரு நியாயம் இருந்தது: அடைவில் வரும் பத்திரிகைகளில் எத்தனையை ஒரு நூலகம் தருவிக்கிறதோ, அந்த அளவுக்கு ஏற்றபடி கட்டணம். சின்ன ஊர் நூலகம் கொஞ்சம் கொடுத்தது, பெரிய நகரத்து நூலகம் நிறையக் கொடுத்தது.

காசு கொடுத்த பிறகு அந்தத் தொகுதி நூலகத்தின் சொத்து. சட்டமும் அதைத்தான் சொன்னது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் தன் நாவல் ஒன்றில், இதை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது. மேசீஸ் கடைக்காரர்கள் அதை 89 சென்ட்டுக்கு விற்றார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1908இல் தீர்ப்பு வந்தது: ஒரு பிரதியை விற்ற பிறகு, அதை என்ன விலைக்கு மறுபடி விற்பது என்று சொல்லப் பதிப்பாளருக்கு உரிமை இல்லை. அமெரிக்க நூலகம் ஒன்று யாரிடமும் கேட்காமல் தன் புத்தகத்தை இரவல் கொடுக்க முடிவதும் இதே கொள்கையின் பலத்தில்தான். இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் வருகிற தகராறு எல்லாம், இது செல்லாத இடத்தில்தான் நடக்கிறது.

அடுத்து யூஜின் பவர். நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரு சின்னப் படச்சுருளில் சுருக்கிவிடலாம் என்று கண்டுகொண்டவர்களில் ஒருவர். மைக்ரோஃபிலிம் என்றால் என்ன என்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போயிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பவர் 1938இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் ‘யுனிவர்சிட்டி மைக்ரோஃபிலிம்ஸ்’ கம்பெனியை ஆரம்பித்தார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த, 1640க்கு முன் அச்சான ஆங்கில நூல்களைப் படமெடுத்து, சுருள்களாக அமெரிக்க நூலகங்களுக்கு விற்றார். லண்டன் மேல் குண்டு விழத் தொடங்கியபோது இந்த வேலைக்கு இருந்த மதிப்பு எல்லாருக்கும் புரிந்தது. சுருள்களை வாங்கிய நூலகங்கள் இழுப்பறைகளில் அடுக்கிவைத்தன. அவையும் சொத்துதான். இந்தச் சுருள்களின் கதைக்கு மறுபடி வருவோம்.

1960களில் கணினி வந்தது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் மருத்துவக் கட்டுரைகளுக்கு அச்சில் அடைவு தொகுத்து வந்தது; அந்த அடைவு தொடங்கியது 1879இல். 1964இல் அந்த வேலையைக் கணினிக்கு மாற்றியது. கலிபோர்னியாவில் லாக்ஹீட் என்ற விமானக் கம்பெனியில் ரோஜர் சம்மிட் என்பவர், கணினியோடு கேள்வி-பதிலாகப் பேசித் தேடும் முறையை உருவாக்கினார். முதலில் நாசாவின் ஆவணங்களுக்குப் பயன்பட்ட அந்த முறை, 1972இல் ‘டயலாக்’ என்ற பெயரில் வணிகச் சேவையாக வெளியே வந்தது. நூலகம் இருக்கும் ஊர் எதுவானாலும், டெலிபோன் வழியாக அந்தக் கணினியோடு இணைந்து தேடலாம்.

அந்தத் தேடலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நூலகரின் மேஜையில் டைப்ரைட்டர் மாதிரி ஒரு கருவி. திரை கிடையாது, சூடு பட்டால் கறுக்கும் தாள் சுருளில் எழுத்துகள் விழும். டெலிபோன் ரிசீவரை இரண்டு ரப்பர் குழிகளில் அழுத்திவைத்தால் இணைப்பு கிடைக்கும். வேகம் வினாடிக்கு முப்பது எழுத்து. ஆனால் டயல் செய்வதற்கு வெகுநேரம் முன்பே வேலை தொடங்கிவிடும். ஆராய்ச்சியாளரை எதிரில் உட்காரவைத்து, “உங்களுக்கு நிஜமாவே என்ன வேணும்?” என்று துருவித் துருவிக் கேட்டு, ஒவ்வொரு கருத்துக்கும் மாற்றுச் சொற்களைத் தாளில் எழுதி, எதை எதோடு சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார் நூலகர்.

ஏன் அவ்வளவு முன்னேற்பாடு? இணைப்பு கிடைத்த நொடியிலிருந்து கட்டணம் ஓடத் தொடங்கிவிடும். ‘பிகின் 1’ என்று அடித்தால் கல்வித்துறைக் கட்டுரைகளின் கோப்பு திறக்கும். ஒரு சொல்லை அடித்தால் அது எத்தனை பதிவுகளில் இருக்கிறது என்று எண் வரும். இரண்டு எண்களைச் சேர்த்துக் கேட்டால் இரண்டும் உள்ள பதிவுகள் மட்டும் நிற்கும். யோசித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் கணக்கு ஏறும். இணைப்பைத் துண்டிக்கும்போது, இந்தத் தேடலுக்கு ஆன செலவு டாலரிலும் சென்ட்டிலும் அதே தாளில் அச்சாகும். எதைத் தேடுகிறோம் என்று இவ்வளவு ஒழுங்காகச் சிந்தித்துவிட்டுத் தேடிய தலைமுறை இன்னொன்று வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தத் திறமைக்காகவே அந்த நூலகர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் சொத்துக் கணக்கைப் பாருங்கள். காசு கொடுத்தது நேரத்துக்கு. தேடி முடித்தபின் நூலகத்தில் மிஞ்சியது கையில் இருந்த தாள் மட்டும். அப்போது அதை யாரும் பெரிய இழப்பாக நினைக்கவில்லை. அச்சு அடைவு இன்னொரு பக்கம் அலமாரியில் வந்துகொண்டுதானே இருந்தது!

1980களின் நடுவில் சிடி வந்தது. சில்வர்பிளாட்டர் போன்ற கம்பெனிகள் தரவுத்தளங்களை வட்டில் பதித்துக் கொடுத்தன. வருடத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடலாம். மாணவர்கள் தாங்களே உட்கார்ந்து, தப்பும் தவறுமாகத் தேடிப் பழகினார்கள். நூலகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். கையில் ஒரு பொருளும் இருந்தது. ஆனால் பல ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை இருந்தது: புது வட்டு வந்ததும் பழையதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். சந்தாவை நிறுத்தினால் கடைசி வட்டையும் கொடுத்துவிட வேண்டும். அலமாரியில் இருந்தும் சொந்தமில்லாத பொருள் ஒன்று நூலகத்துக்குள் வந்தது, பெரிய சத்தமில்லாமல்.

1990களில் இணையம் வந்த பிறகு வட்டும் போயிற்று. கட்டுரை எங்கே இருக்கிறது என்று காட்டிவந்த தரவுத்தளம், கட்டுரையையே கொண்டுவந்து தரத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பத்திரிகைகளோடு ஒப்பந்தம் போட்டு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நூலகங்களுக்குக் கொடுக்கும் கம்பெனிகள் வளர்ந்தன. எப்ஸ்கோ, புரோக்வெஸ்ட், கேல் ஆகிய மூன்றும் இதில் பெரிய பெயர்கள். எப்ஸ்கோ 1944இல் எல்டன் ஸ்டீஃபன்ஸ் என்பவர் பத்திரிகைச் சந்தா பிடித்துத் தரத் தொடங்கிய கம்பெனி. புரோக்வெஸ்ட் வேறு யாருமில்லை. யூஜின் பவரின் மைக்ரோஃபிலிம் கம்பெனிதான் பல கை மாறி, இந்தப் பெயரில் வந்து நின்றது.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள நம் வீட்டுக் கேபிள் டிவியை நினைத்தால் போதும். மாதாமாதம் கட்டணம் கட்டுகிறோம். பேக்கேஜில் நாம் பார்க்காத சேனல்களும் சேர்ந்தே வருகின்றன. சேனல்காரருக்கும் கேபிள்காரருக்கும் பேச்சு முறிந்தால், நேற்று வரை வந்த சேனல் இன்று வராது. பத்து வருடம் கட்டிவிட்டுப் பதினோராவது வருடம் நிறுத்தினால், அந்தப் பத்து வருடக் காசுக்காகப் பெட்டியில் ஒரு நிகழ்ச்சியும் மிஞ்சியிருக்காது. நூலகத் தரவுத்தளச் சந்தா ஏறக்குறைய இதேதான். நூலகம் கையெழுத்திடுவது உரிம ஒப்பந்தத்தில்: இன்ன காலம் வரை, இன்னார் மட்டும், இன்ன விதத்தில் பார்க்கலாம் என்ற அனுமதி. 1908ஆம் வருடத்துத் தீர்ப்பு விற்கப்பட்ட பிரதிக்குத்தான். இங்கே பிரதி எதுவும் விற்கப்படவே இல்லை.

பேக்கேஜுக்குள்ளும் பல அடுக்குகள் உண்டு. ஒரு பத்திரிகையின் பெயர் பட்டியலில் இருக்கும். திறந்து பார்த்தால், கடைசிப் பன்னிரண்டு மாத இதழ்கள் மட்டும் கிடைக்காது. அச்சுச் சந்தா குறைந்துவிடக் கூடாதே என்று பதிப்பாளர் போடும் தடை அது. 2010இல் ‘டைம்’, ‘ஃபோர்ப்ஸ்’ போன்ற பத்திரிகைகளை நூலகச் சந்தையில் தனக்கு மட்டும் என்று எப்ஸ்கோ வாங்கிக்கொண்டது. போட்டிக் கம்பெனியான கேல் வெளிப்படையாகவே முறையிட்டது. 2013இல் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’ இன்னும் ஒரு படி போனது. மாணவர்கள் அதிகம் படிக்கும் 500 கட்டுரைகளை எப்ஸ்கோவின் தரவுத்தளத்தில் திரையில் படிக்கலாம், அச்செடுக்கவோ சேமிக்கவோ முடியாது, பாடத்துக்கு இணைப்புக் கொடுக்கவும் தனிக் கட்டணம் என்று வைத்தது. நூலகம் சந்தாவை ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தது.

சில சமயம் கம்பெனியின் விருப்பமே இல்லாமலும் அலமாரி காலியாகும். அமெரிக்கச் செய்தித்தாள்களில் எழுதிய சுதந்திர எழுத்தாளர்கள் சிலர், ஜோனதன் டாசினி என்பவர் தலைமையில், நியூயார்க் டைம்ஸ் மீதும் தரவுத்தளக் கம்பெனிகள் மீதும் வழக்குப் போட்டார்கள். அச்சில் வெளியிடத்தான் அனுமதி கொடுத்தோம், தரவுத்தளத்தில் போட எங்களைக் கேட்கவே இல்லை என்பது அவர்கள் வாதம். 2001இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு நியாயமானதுதான், எழுதியவருக்குக் கூலி வேண்டாமா? ஆனால் நியூயார்க் டைம்ஸ், கூலி கொடுப்பதற்குப் பதிலாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தரவுத்தளங்களிலிருந்து எடுக்கச் சொன்னது. அதே நாளிதழின் மைக்ரோஃபிலிம் சுருள்களை வாங்கியிருந்த நூலகத்தில் அந்தக் கட்டுரைகள் அப்படியே இருந்தன.

இப்போது பவரின் பழைய நூல்களுக்கு வருவோம். அந்தச் சுருள்களை ஸ்கேன் செய்து உருவானதுதான் ‘எர்லி இங்கிலிஷ் புக்ஸ் ஆன்லைன்’ என்ற தரவுத்தளம். ஷேக்ஸ்பியர் காலத்தை ஆராய்கிறவர்களுக்கு அது இல்லாமல் கை ஓடாது. பெரிய பல்கலைக்கழகத்தில் வேலையில்லாத ஆய்வாளர்களுக்கு, மறுமலர்ச்சிக் கால ஆய்வாளர்களின் அமெரிக்கச் சங்கமான ‘ரினைசான்ஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா’ தன் உறுப்பினர் சந்தா வழியாக அதைப் பார்க்க வழிசெய்திருந்தது. 2015 அக்டோபரில் ஒருநாள், அந்தச் சந்தாவை புரோக்வெஸ்ட் புதுப்பிக்கப்போவதில்லை என்று சங்கம் உறுப்பினர்களுக்கு அறிவித்தது. உறுப்பினர்கள் அதை அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள், அதனால் நூலகங்களிலிருந்து வரும் சந்தா பாதிக்கப்படுமோ என்று கம்பெனி அஞ்சுகிறது என்பது சங்கம் சொன்ன காரணம். ஆய்வாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஓரிரு நாளில் கம்பெனி முடிவை மாற்றிக்கொண்டது.

திரும்பக் கிடைத்துவிட்டதே, பிறகென்ன என்று விட்டுவிட முடியவில்லை. நானூறு ஐந்நூறு வருடப் பழைய நூல்கள் அவை. யாருக்கும் காப்புரிமை கிடையாது. பொது நிறுவனங்கள் பாதுகாத்த பிரதிகளிலிருந்து எடுத்த படங்கள். சுருளாக வாங்கிய நூலகத்தில் அவற்றைப் பறிக்க எவராலும் முடியாது. ஆனால் அதே படம் திரையில் வரும்போது, ஒரு கம்பெனியின் வணிகக் கணக்கு மாறினால் ஒரு ஆய்வாளரின் வருடக்கணக்கான வேலை நின்றுவிடும். வாங்கியதற்கும் பார்க்க அனுமதி பெற்றதற்கும் உள்ள தூரம் இவ்வளவு.

கம்பெனிகளைத் திட்டிவிட்டுப் போவதும் சரியாகாது. சந்தா முறை வந்ததால்தான் சின்னக் கல்லூரி நூலகம்கூட ஆயிரக்கணக்கான இதழ்களைக் காட்ட முடிந்தது; அச்சில் வாங்கியிருந்தால் அதில் நூறில் ஒரு பங்கு வந்திருக்காது. நூலகர்களே இதை விரும்பித்தான் ஏற்றுக்கொண்டார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புத்தகம் வாங்குவதைக் கஷ்டமான வருடத்தில் நிறுத்திவைக்கலாம். ஏற்கெனவே வாங்கியவை எங்கும் போகாது. சந்தாவை நிறுத்த முடியாது. நிறுத்தினால் பழையதும் சேர்ந்து போய்விடும். ஆகவே விலை ஏறும்போதெல்லாம் நூலகம் வேறு செலவைக் குறைத்துச் சந்தாவைக் காப்பாற்றுகிறது.

அந்தச் சந்தாக்கள் எல்லாம் இன்று போய்ச் சேரும் கைகளும் குறைந்துவிட்டன. டயலாக்கை லாக்ஹீட் 1988இல் நைட்-ரிட்டர் என்ற செய்தித்தாள் கம்பெனிக்கு விற்றது. அது இன்னும் சில கை மாறி 2008இல் புரோக்வெஸ்டுக்குப் போனது. வில்சனின் அடைவுகள் 2011இல் எப்ஸ்கோவுக்குப் போயின. நூலகத்தின் உள்வேலைகளை நடத்தும் மென்பொருள் செய்யும் எக்ஸ் லிப்ரிஸை 2015இல் புரோக்வெஸ்ட் வாங்கியது. 2021இல் புரோக்வெஸ்டையே கிளாரிவேட் என்ற கம்பெனி வாங்கிவிட்டது. எந்தக் கட்டுரையை எது மேற்கோள் காட்டுகிறது என்று கணக்கிடும் ‘வெப் ஆஃப் சயின்ஸ்’ ஏற்கெனவே அதன் கையில் இருந்தது. ஆக, கட்டுரையைத் தேடுவது, படிப்பது, மதிப்பிடுவது, நூலகம் தன் கணக்கைப் பார்ப்பது என எல்லாமே ஒரே கம்பெனியின் பொருளாக இருக்கக்கூடும். பேரம் பேசும்போது நூலகத்தின் குரல் எவ்வளவு தூரம் எடுபடும் என்று நாமே ஊகிக்கலாம்.

2025 பிப்ரவரியில் அது கண்ணெதிரே தெரிந்தது. நூல்களையும் மின்னூல்களையும் ஒரே தடவை விலை வாங்கிக்கொண்டு நிரந்தரமாகக் கொடுக்கும் முறையை அந்த வருடத்துக்குள் கைவிடப்போவதாகவும், சந்தாவுக்கு மாறப்போவதாகவும் கிளாரிவேட் அறிவித்தது. நூலகர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகு, கெடுவை 2026 நடுப்பகுதி வரை தள்ளிவைத்தது. சொந்தமாக வாங்க மிச்சமிருந்த கதவுகளில் ஒன்றைச் சாத்தும் முயற்சி இது என்று நூலகர்கள் கவலைப்பட்டதில் அர்த்தம் இருக்கிறது.

வழியே இல்லையா? இருக்கிறது. ஒப்பந்தம் போடும்போதே, சந்தா கட்டிய வருடங்களின் இதழ்கள் சந்தா நின்ற பிறகும் கிடைக்க வேண்டும் என்று ஒரு பத்தி சேர்க்கலாம். நிரந்தர அணுகல் என்று அதற்குப் பெயர். அதன் பலத்தை 2019இல் பார்த்தோம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் எல்சவியர் பதிப்பகத்துடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஜூலையில் புதிய கட்டுரைகள் நின்றன. ஆனால் பழைய கட்டுரைகளில் பெரும்பகுதி தொடர்ந்து கிடைத்தது, முந்தைய ஒப்பந்தங்களில் அந்தப் பத்தி இருந்ததால். கையில் அந்தப் பலம் இருந்த பல்கலைக்கழகம் அவசரப்படாமல் காத்திருந்து, 2021இல் வேறு நிபந்தனைகளோடு மறுபடி கையெழுத்திட்டது. பதிப்பாளரே மூடிப்போனால் என்ன செய்வது என்று யோசித்தவர்களும் உண்டு. இதழ்களின் பிரதிகளைப் பல நூலகங்களின் கணினிகளில் பரப்பிவைக்கும் ‘லாக்ஸ்’ என்ற ஏற்பாடு ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியது அப்படித்தான்.

இன்னொரு வழி, பொதுப் பணத்தில் தொகுத்ததைப் பொதுவிலேயே வைப்பது. டயலாக் காலத்தில் நேரக் கணக்கில் காசு கொடுத்துத் தேடிய மருத்துவ அடைவை, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997இல் ‘பப்மெட்’ என்ற பெயரில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. கோவில்பட்டி டாக்டரும் பாஸ்டன் டாக்டரும் இன்று ஒரே அடைவில் தேடுகிறார்கள். இந்தத் தொழிலின் வரலாற்றில் நடந்த ஆகப் பெரிய நல்ல காரியம் இதுதான் என்பேன்.

நம் நாடு எடுத்திருப்பது சந்தா வழி, ஆனால் நாட்டளவில். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருடங்களுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் 6,300க்கும் மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்கள். நடத்துவது காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட். ஐஐடி மாணவருக்குக் கிடைத்த இதழ் திருநெல்வேலி மாணவருக்கும் கிடைப்பது எளிதான விஷயமல்ல. மனதார வரவேற்க வேண்டியது. தொகை ஒதுக்கியிருப்பது 2025, 2026, 2027 ஆகிய வருடங்களுக்கு. அடுத்த பேச்சுவார்த்தை தொடங்கும்போது இதழ்களின் எண்ணிக்கையைப் பற்றியும் விலையைப் பற்றியும் எல்லாரும் பேசுவார்கள். அந்த மூன்று வருட இதழ்கள் 2030இல் சந்தா இல்லாமலும் திறக்குமா என்று, நிரந்தர அணுகல் பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நம் கல்லூரி நூலகர்களும் ஆசிரியர்களும் இப்போதே கேட்கத் தொடங்கலாம்.